எண்பத்தைந்தாவது தலைக்கட்டு

வேம்பங்குறிச்சியில் மொத்தம் எண்பத்து நாலு தலைக்கட்டு. கல்யாணம் ஆன ஆண்பிள்ளை ஒருத்தன் ஒரு தலைக்கட்டு, அவ்வளவுதான் கணக்கு. தேர் இழுக்க, ஏரிக்கரை போட, கூத்து வைக்க, எதுவாக இருந்தாலும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி விழும். வரி கொடுத்தவன் பொதுக்காரியத்தில் வாய் திறக்கலாம், பொதுச்சொத்தில் பங்கு கேட்கலாம். கொடுக்காதவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஓடைக்கு அந்தண்டை கீழத்தெருவில் இன்னும் முப்பத்தொரு வீடு உண்டு. நடவுக்கும் அறுப்புக்கும் அவர்கள் வேண்டும். வரி மட்டும் அவர்களிடம் வாங்குவதில்லை. ஏழைகள், பாவம் என்று விட்டுவிட்டதாக ஊரில் சொல்லிக்கொள்வார்கள். சுத்தப் பொய். வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டுமே, அதுதான் விஷயம்.

அந்த வரியைத் தண்டுகிற வேலை அரியமுத்துவுக்கு. இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரன். ஏலாக்குறிச்சியில் சாமியார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன், எழுத்து மணிமணியாக இருக்கும். அதனால் ஊர் நோட்டு அவன் கைக்கு வந்தது. யாரையும் எதிர்த்துப் பேச மாட்டான். எதிர்த்துப் பேசாதவனைத்தானே ஊர் நல்லவன் என்று சொல்லும்? அவனும் அதை நம்பிக்கொண்டிருந்தான்.

நாற்பத்து நாலாம் வருஷம், தை பிறந்த கையோடு ஜமீன் கச்சேரியிலிருந்து தண்டோரா வந்தது. ஊருக்கு மேற்கே கிடக்கிற காரைக்காட்டை மாசியில் ஏலம் விடப்போகிறார்கள், பத்து வருஷத்துக்கு. எடுத்தவர் வெட்டலாம், சுடலாம், வேலி போட்டுக்கொள்ளலாம். சண்டை நடக்கிற காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்காரர்கள் வண்டிக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். அரியலூர் பஸ் ஏற்றத்தில் நின்றுவிட்டால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள், கண்டக்டர் அடுப்பை ஊதுவான். அந்த அடுப்புக்குத் தீனி போடத்தான் சுற்றுவட்டாரத்துக் காடெல்லாம் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தது. கரி குத்தகைக்காரர் பிச்சைமுத்து பக்கத்து ஊர்க் காட்டை எட்டே மாதத்தில் மொட்டையடித்து முடித்துவிட்டு, இப்போது இந்தப் பக்கம் பார்வையைத் திருப்பியிருந்தார்.

காரைக்காடு பெரிய வனம் ஒன்றும் இல்லை. காரை, சூரை, உசிலை, வெள்வேல், நடுநடுவே செம்மண் மேடு. ஆனால் அங்கிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீர்தான் ஏரியை நிரப்பும். வயலுக்குத் தழையும் மாட்டுக்கு மேய்ச்சலும் அடுப்புக்குச் சுள்ளியும் அங்கேதான். உள்ளே ஓர் ஒற்றையடிப் பாதை மூன்று மைல் ஓடி ஜெயங்கொண்டம் ரோட்டில் ஏறும். ஊர்க்காரர்களுக்கு அது குறுக்கு வழி. கீழத்தெருக்காரர்களுக்கு அதுதான் வழி. ஊர்த்தெருவில் நடந்தால் செருப்பைக் கையில் எடுக்க வேண்டும், எதிரே சின்னப் பயல் வந்தால்கூடத் தலைச்சுமையோடு ஓரத்துச் சேற்றில் இறங்கி நிற்க வேண்டும். காட்டுப் பாதையில் அந்த வம்பெல்லாம் இல்லை. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர்கள் அந்த வழியாகத்தான் நிமிர்ந்து போய் வந்தார்கள்.

ஊர்க்கூட்டம் கூடியது. நாட்டாண்மை அய்யம்பெருமாள் எழுந்து, "தலைக்கட்டுக்குப் பத்து ரூவா. காட்டை நாமளே எடுத்துடுவோம். எவன் வந்து கோடாலி வெக்கிறான்னு பாப்போம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டுவதற்குக் காசு இல்லையே. தண்டப் போன அரியமுத்துவுக்குத்தான் செருப்பு தேய்ந்தது. ஒருவன் நெல்லை விற்றான், ஒருத்தி கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள், மூன்று பேர் மூன்று நாள் ஒளிந்துகொண்டார்கள். இருபத்தைந்தாம் நாள் எண்ணூற்று நாற்பது ரூபாய் முழுசாகச் சேர்ந்தது.

சேர்ந்த அன்றைக்கே கீழப்பழுவூர்ப் பாரவண்டிக்காரன் ஒருவன், பிச்சைமுத்து ஆயிரத்துக்கு மேலும் போகத் துணிந்திருக்கிறார் என்று அவனிடம் சொன்னான். அரியமுத்து அப்படியே நாட்டாண்மை வீட்டுக்கு ஓடினான்.

"மாமா, எண்ணூத்து நாப்பது பத்தாதுங்க. தலைக்கட்டுக்கு இன்னும் நாலு ரூவா போட்டாத்தான் தேறும்."

"எவன் குடுப்பான்? பத்துக்கே மூக்கால அழுதானுவ."

அரியமுத்து கொஞ்சம் தயங்கினான். "கீழத்தெருவுல கேட்டா குடுப்பாங்க மாமா."

அய்யம்பெருமாள் வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார். கெட்ட மனுஷர் இல்லை. பஞ்சத்தில் தன் களஞ்சியத்தைத் திறந்துவிட்டவர். ஆனால் சில விஷயங்களில் அவருக்குக் காது கேட்காது.

"இன்னிக்கு வரி வாங்குவ. நாளைக்கு அவன் வந்து, காட்டுல எனக்கும் பங்கு, கூட்டத்துல எனக்கும் எடம்னு நிப்பான். என்னா பதில் சொல்லுவ? காடு போனாலும் போவட்டும் அரியமுத்து, முறை போவக் கூடாது."

அரியமுத்து படியிறங்கி வந்துவிட்டான். எதிர்த்துப் பேச முடியாது. அவன் மகள் ராசாத்திக்கு நாட்டாண்மையின் தங்கை மகனோடு பரிசம் போட்டாகிவிட்டது, வைகாசியில் கல்யாணம்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில், காட்டில் அவன் தழை வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு இருசம்மாள் வந்தாள். கீழத்தெருக்காரி, ஊர்க்காரர்கள் வாயில் வெறும் இருசாயி. புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஆவாரம்பட்டை உரித்து ஜெயங்கொண்டம் சந்தையில் விற்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள். அவள் தெருவில் ஒரு முடிவு என்றால் அவள் வாயிலிருந்துதான் வரும்.

"ஆண்டே, ஏலத்துக்குப் பணம் பத்தலையாமே?"

"யாரு சொன்னா உனக்கு?"

"நாட்டாமை வூட்டு மாட்டுக் கொட்டாயில சாணி அள்றது எங்க ஆளுதானே. அவனுக்குக் காது இருக்காதா?"

இடுப்பிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "முந்நூத்திப் பத்து ரூவா இருக்கு. முப்பத்தொரு வூடு, வூட்டுக்குப் பத்து. ஊர்ல எவ்வளவோ அவ்வளவேதான்."

அரியமுத்து அரிவாளைக் கீழே போட்டுவிட்டான். கூலியாக நெல்லை அளந்து வாங்குகிறவர்களுக்குப் பத்து ரூபாய் எங்கிருந்து வரும்? கேட்டான்.

"ஆட்டையெல்லாம் வித்துட்டோம். காடு போனப்பறம் ஆட்டை வெச்சிக்கிட்டு என்னா பண்றது? அடுப்புல வெக்கவா?"

முந்நூற்றுப் பத்தும் எண்ணூற்று நாற்பதும் ஆயிரத்து நூற்றைம்பது. அவன் மனசு அதற்குள் கூட்டிவிட்டது. கையை நீட்டினான். "குடு. எப்படியாச்சும் சேத்துக் கட்டிடறேன். யாருகிட்டயும் மூச்சு விடாத."

அவள் மூட்டையைக் கொடுக்கவில்லை.

"இது தருமமும் இல்ல, கைமாத்தும் இல்ல. வரி. பேரு எழுதுங்க."

"நாட்டாம ஒத்துக்க மாட்டாரு, இருசாயி."

"அவரை யாரு கேட்டா? நோட்டு உங்க கையிலதானே இருக்கு."

அவன் யோசித்தான். யோசித்தான் என்று சொல்வதுகூடத் தப்பு, பயந்தான். அப்புறம், எங்கே போனாலும் துண்டில் சுற்றிக் கொண்டுபோகிற ஊர் நோட்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தான். முன்பக்கம் புரட்டுகிறவர்கள் கண்ணில் படாது என்று ஒரு சாமர்த்தியம். அவள் ஒவ்வொரு பேராகச் சொன்னாள், தகப்பன் பேரோடு. எழுதி முடித்ததும் படிக்கச் சொன்னாள். மறுநாள் அதே இடத்துக்கு வந்து திரும்பவும் படிக்கச் சொன்னாள். அவசரத்தில் ஒரு பேரை முன்னும் பின்னுமாகப் படித்துவிட்டான். "எட்டாவது பேரு ஒம்பதாவதா வருது, என்னாங்க?" என்று மடக்கினாள். எழுத்துத் தெரியாதவள்தான், ஏமாறத் தெரியாதவளும்கூட. அதற்குப் பிறகுதான் மூட்டை கை மாறியது.

"ஏலத்தன்னிக்கு இந்தப் பேரு அத்தனையும் கச்சேரியில ஏறணும் ஆண்டே. ஏறலைன்னா நாங்க காட்டுல நடக்கறது உங்க தயவு. தயவு இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. ஏறிடிச்சின்னா எங்க பாத்தியதை."

"ஏறும்" என்றான் அரியமுத்து. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

வீட்டில் அவன் மூட்டையை நெல்லுக் குதிரில் ஒளித்து வைத்தான். புருஷன்மார் ஒளித்து வைக்கிற இடத்தைப் பெண்டாட்டிமார் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். செங்கமலத்துக்கு அரை நாள்தான் ஆயிற்று. மூட்டையைக் கொண்டுவந்து அவன் எதிரே வைத்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். கத்துவாள் என்று எதிர்பார்த்தான், அவள் கத்தவில்லை.

"பணத்தைக் கட்டுங்க. காட்டை எடுங்க. நல்ல காரியந்தான். பேரை மட்டும் படிச்சிடாதீங்க."

"வாக்குக் குடுத்திருக்கேன் செங்கமலம்."

"பொண்ணுக்குப் பரிசம் வாங்கினப்ப குடுத்தது வாக்கு இல்லியா? பேரைப் படிச்சீங்கன்னா நம்மள ஊரை வுட்டுத் தள்ளி வெச்சிடுவாங்க. கெணத்துல தண்ணி எடுக்க வுட மாட்டாங்க. காடு நின்னா அவங்களும்தானே நடக்கப் போறாங்க? எழுதினா என்னா, எழுதாட்டி என்னா? எழுத்தா நடக்கப் போவுது, காலுதானே நடக்குது?"

அவள் பேசியதில் நியாயம் இருப்பதாகவே அவனுக்குப் பட்டது. அதுதான் பயமாக இருந்தது. இருதலைக் கொள்ளி எறும்பு எந்தப் பக்கம் ஓடும்? ஏலத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏல நாள் காலையில் கச்சேரி முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நாட்டாண்மையோடு ஊரிலிருந்து நாற்பது பேர் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எண்ணூற்று நாற்பது ரூபாய் நாட்டாண்மையின் தோல்பையில். முந்நூற்றுப் பத்து அரியமுத்துவின் இடுப்பில், வேட்டிக்கு உள்ளே. கனத்தது. மதிலுக்கு வெளியே வாசல் பக்கம் இருசம்மாளும் கீழத்தெருக்காரர்கள் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். உள்ளே வர அவர்களுக்கு இடம் இல்லை, ஆனால் பேசுவது கேட்கும்.

பிச்சைமுத்து நாற்காலியில் உட்கார்ந்து பனைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். கல்மிஷம் இல்லாத முகம். மரத்தைப் பார்த்தாலே எத்தனை மூட்டைக் கரி என்று சொல்லிவிடுவாராம்.

குமாஸ்தா நிபந்தனைகளைப் படித்தார். ஏலம் எடுத்தவர் முழுத்தொகையும் அந்த இடத்திலேயே ரொக்கமாகக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் அடுத்த கேள்விக்காரருக்குப் போய்விடும். நானூறு ரூபாயில் ஆரம்பம்.

ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு என்று கேள்வி மளமளவென்று ஏறியது. ஊருக்காகக் கேட்கிற வேலை அரியமுத்துவுக்கு. எண்ணூறு வந்ததும் பந்தலில் சத்தம் அடங்கியது. அவன் எண்ணூற்று நாற்பது என்று கேட்டான். பிச்சைமுத்து விசிறியை நிறுத்தாமலே, "எண்ணூத்து அம்பது" என்றார். ஊரின் கையிருப்பு அவருக்கும் தெரிந்திருந்தது. தலைக்கட்டு வரியைத் தமுக்கடித்து வாங்கினால் தெரியாமல் இருக்குமா?

"எண்ணூத்து அம்பது, ஒரு தரம்."

நாற்பது பேரும் தலையைத் தொங்கப் போட்டார்கள். நாட்டாண்மை தோல்பையை மூடினார்.

"எண்ணூத்து அம்பது, ரெண்டு தரம்."

"எண்ணூத்து அறுவது!" என்றான் அரியமுத்து. தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

நாட்டாண்மை அவன் தோளைப் பிடித்து இழுத்தார். "என்னாடா இது? பணம் ஏது?"

அங்கேதான் அவன் சறுக்கினான். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே ஏலத்தை நிறுத்திவிடுவார். காடு பிச்சைமுத்துவுக்குப் போய்விடும். வாயில் வந்ததைச் சொன்னான்.

"நெலத்தை அடமானம் வெச்சிட்டேன் மாமா. முந்நூறு ரூவா வந்துது."

அய்யம்பெருமாளின் கண் கலங்கிவிட்டது. அத்தனை பேர் முன்னால் அவனைக் கட்டிக்கொண்டார். "டேய், நீ மனுசன்டா!" என்றார் உரக்க. அந்தச் செய்தி பந்தல் முழுக்கப் பரவியது. யாரோ ஒருவன் சந்தோஷம் தாங்காமல் வாசலுக்கு ஓடி, "நம்ம அரியமுத்து சொந்த நெலத்தை அடமானம் வெச்சிக் கேக்கறான்" என்று ரோட்டில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னான். மதிலுக்கு மேலே இருசம்மாளின் தலை தெரிந்தது. அவள் அரியமுத்துவைப் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் எல்லாம் அங்கேயே கவிழ்ந்திருக்கும். அவள் போடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கேள்வி மேலே போயிற்று. தொள்ளாயிரம். தொள்ளாயிரத்து எழுபது. ஆயிரம். பிச்சைமுத்து விசிறியை மடியில் வைத்துவிட்டு விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார். ஆயிரத்து எண்பது. ஆயிரத்து நூறு. ஆயிரத்து நூற்றிருபது என்றான் இவன், ஆயிரத்து நூற்று நாற்பது என்றார் அவர்.

இன்னும் ஒரே ஒரு பத்துதான் பாக்கி. அதற்கு மேல் அவனிடம் ஒரு காலணா கிடையாது.

"ஆயிரத்து நூத்தம்பது."

பிச்சைமுத்து தன் கணக்கப்பிள்ளையிடம் குனிந்து ஏதோ கேட்டார். கணக்கப்பிள்ளை வண்டிக்கூலி, சூளைக்கூலி என்று முணுமுணுத்தான். குமாஸ்தா ஒரு தரம் சொன்னார். இரண்டு தரம் சொன்னார். பிச்சைமுத்து வாயைத் திறந்தார், கொட்டாவி விட்டார், மூடிக்கொண்டார். மூன்று தரம்.

பந்தல் அதிர்ந்தது. யாரோ ஒருவன் துண்டை மேலே வீசினான். நாட்டாண்மை அரியமுத்துவின் கையைப் பிடித்துத் தூக்கி, "இனிமே காட்டு மணியம் இவன்தான். இவன் சொல்றதுதான் காட்டுல சட்டம்" என்றார். அவனுக்கு அதில் ஒரு நிமிஷம் இனிப்பாகத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன பயன்? முப்பத்தைந்து வயது வரை அவனுக்கு யாரும் கைதட்டியதில்லை.

பணம் கட்டுகிற நேரம் வந்தது. நாட்டாண்மையின் பணம் நோட்டும் வெள்ளியுமாக மேஜையில் போய் உட்கார்ந்தது. அரியமுத்து தன் மூட்டையை அவிழ்த்தான். கால் ரூபாய், இரண்டணா, ஓரணா, புதுசாக வந்த ஓட்டைக் காலணா என்று கொட்டியது. ஆட்டு வியாபாரிகளிடமும் சந்தையிலும் சில்லறை சில்லறையாகச் சேர்ந்த பணம்.

நாட்டாண்மை அந்தக் குவியலைப் பார்த்தார். "சண்டைக் காலத்துல சில்லறை கண்ணுலயே படல. அடமானக்காரன் உண்டியலை ஒடச்சா குடுத்தான்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கண்ணில் சிரிப்பு இல்லை.

அரியமுத்து குனிந்து காலணாக்களை அடுக்கினான். நல்லவேளையாகக் குமாஸ்தாவுக்குச் சில்லறையைக் கண்டதில் ஒரே குஷி. "எங்கேர்ந்து வந்தா என்னாங்க? கச்சேரியில ஒரு மாசமா சில்லறைக்குப் பறக்கறோம்" என்று சொல்லிக்கொண்டே எண்ணி, பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

"முச்சலிக்காப் பத்திரம் எழுதணும். யாரு பேருக்கு?"

"எம் பேருக்கு எழுதுங்க" என்றார் அய்யம்பெருமாள்.

"அது முடியாதுங்க. ஊர் கூட்டா எடுத்தா, பணம் போட்ட தலைக்கட்டு அத்தனை பேரும் எழுதணும். நாளைக்கு ஒரு தகராறுன்னா நான் யாரைப் புடிக்கறது? பட்டியல் இருக்குதா?"

"இருக்கே. அரியமுத்து, படி."

அரியமுத்து நோட்டை விரித்தான். முதல் பேர் நாட்டாண்மையுடையது. குமாஸ்தா எழுத எழுத ஒவ்வொன்றாகப் படித்தான். நாற்பது வரைக்கும் சாதாரணமாகத்தான் படித்தான். அறுபதைத் தாண்டியதும் குரல் கம்மியது. எழுபத்தொன்பதாவது அவன் பேர், அதையும் படித்தான். எண்பத்து நாலு வந்தது. பக்கம் முடிந்தது.

"அவ்வளவுதானே?" என்று குமாஸ்தா பேனாவைத் துடைத்தார்.

சரி என்று தலையாட்டினால் போதும். வைகாசியில் கல்யாணம் நடக்கும். காடும் நிற்கும். கீழத்தெருக்காரர்களும் நடப்பார்கள், யாராவது நடக்கக் கூடாது என்று சொல்கிற நாள் வரை. சொல்ல ஒருவன் வருவான் என்பது அரியமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். சற்று முன்னால் காட்டு மணியம் என்று பட்டம் கட்டினார்களே, அந்த வேலையே அதுதான். இருசாயி, இந்தப் பக்கம் வராதே என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கும். அதை நினைத்தபோதுதான் அவனுக்கு அருவருப்பு வந்தது.

"இன்னும் முப்பத்தொண்ணு இருக்குங்க" என்றான்.

நோட்டைத் தலைகீழாகத் திருப்பினான்.

"எண்பத்தஞ்சு. கலியன் மகன் அங்கமுத்து. கீழத்தெரு."

நாட்டாண்மைக்கு விஷயம் புரிய இரண்டு விநாடி ஆயிற்று. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"நிறுத்துடா! அந்தச் சில்லறை அவங்க பணமா?"

"ஆமாங்க மாமா. நெலத்தை வெக்கல. பொய் சொன்னேன்."

"கெடுத்துட்டியேடா பாவி!" என்று கையை ஓங்கினார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவர் குமாஸ்தா பக்கம் திரும்பி, "அந்த முந்நூத்திப் பத்தையும் எடுத்து வெளியில போடுங்க" என்றார்.

குமாஸ்தாவுக்கு எந்த ஊர்ச் சண்டையிலும் அக்கறை இல்லை. "போடறேன். ஆனா ரொக்கம் கொறஞ்சா ஏலம் செல்லாது. அடுத்த கேள்வி இவருது" என்று பிச்சைமுத்துவைக் காட்டினார். பிச்சைமுத்து போனவர் திரும்பி வந்து நாற்காலியில் மறுபடி உட்கார்ந்திருந்தார். மடியை அவிழ்க்கவும் ஆரம்பித்துவிட்டார்.

நாட்டாண்மை தன் ஆட்களைப் பார்த்தார். வழக்கமாக அவர் பார்த்தால் எல்லாரும் தலையாட்டுவார்கள். இன்றைக்கு ஒருவர் முகமும் நிமிரவில்லை. பின்னாலிருந்து ஒரு கிழவர் மட்டும், "ஏரி வத்திடுமேய்யா" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"எழுதட்டுமா, வேண்டாமா?" என்றார் குமாஸ்தா.

அய்யம்பெருமாள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். துண்டை எடுக்காமலே, "எழுதித் தொலைங்க" என்றார். பிறகு மடியிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து அரியமுத்துவின் காலடியில் வீசினார். "இவன் வரியை நான் கட்டினதா வெச்சிக்குங்க. இவன் பேரை அடிங்க. இன்னியோட எங்களுக்கும் இவனுக்கும் ஒட்டு இல்ல, ஒறவு இல்ல. பரிசப் பொடவையைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க."

குமாஸ்தா எழுபத்தொன்பதாவது பேரின் மேல் கோடு போட்டார். பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் அரியமுத்துவுக்குக் கேட்டது. ராசாத்தியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பேரைப் படித்தான். அதற்கு அடுத்ததைப் படித்தான். ஒன்றையும் முன்பின்னாக மாற்றவில்லை.

கடைசிப் பேர் இருசம்மாள்.

"பொம்பளையா? புருசன் பேரைச் சொல்லுங்க."

"அவரு இல்லிங்க. பணம் கட்டினது அவதான்."

குமாஸ்தா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, எழுதிக்கொண்டார்.

ஊர் வண்டிகள் எல்லாம் அவனை விட்டுவிட்டுக் கிளம்பிப் போயின. அரியமுத்து ரோட்டோரமாக நடந்தான். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. செங்கமலத்திடம் எப்படி ஆரம்பிப்பது, என்ன சொல்வது என்று நாலு மைலும் யோசித்தும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. ரோட்டிலிருந்து காட்டுப் பாதை பிரிகிற இடத்தில் இருசம்மாள் நின்றிருந்தாள். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள் போலிருக்கிறது.

"எல்லாம் ஏறிடிச்சி" என்றான்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." அவள் அவனை ஆண்டே என்று கூப்பிடவில்லை. "உங்க பேரை அடிச்சிட்டாங்க இல்ல?"

"ஆமா."

"பொண்ணு கல்யாணமும் போச்சு."

"போச்சு."

அவள் கண் கலங்கியிருந்ததை அவன் பார்த்தான். ஆனால் பேசியபோது குரலில் அது இல்லை.

"அப்ப காட்டுல உங்களுக்குப் பாத்தியதை இல்ல."

"இல்லதான்."

"சுள்ளி பொறுக்கணும்னாலும், மாடு ஓட்டிவரணும்னாலும், இந்த வழியா நடக்கணும்னாலும் பேரு உள்ளவங்களத்தான் கேக்கணும்."

"கேக்கணும்தான்" என்றான் அவன். கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான்.

அவள் சிரிக்கவில்லை. "கேளுங்க."

அரியமுத்து அவளைப் பார்த்தான். ஜமீனிலும் நாட்டாண்மையிடமும் அவன் எத்தனையோ முறை கேட்டு நின்றவன். கீழத்தெருவில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, சொல்லித்தான் பழக்கம். கேட்பதற்கு என்ன வார்த்தை என்றுகூட உடனே வரவில்லை. இன்னும் இரண்டு எட்டு எடுத்து வைத்தால் அந்தப் பாதை. வைக்காமல் நின்றான்.

"இருசம்மா, நான் இப்படிக்கா வூட்டுக்குப் போயிக்கட்டுங்களா?"

"வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். பிறந்ததிலிருந்து அந்தப் பாதையில் நடந்தவன், அன்றைக்குத்தான் ஒருத்தரைக் கேட்டுக்கொண்டு அதில் கால் வைத்தான்.